மூன்று உயிரும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

அப்பா தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தார். நிஜ அப்பா நாற்காலியில்தான் இருந்தார். கணினித் திரைக்குள் போகிற தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட சட்டையும் வழுக்கைத் தலையுமாக, மகள் சின்னவள் பார்த்துப் பார்த்து வரைந்த குட்டி அப்பா, விளையாட்டு தொடங்கியதுதான் தாமதம், கூடத்துத் தரை வழியாக நழுவித் திரையின் அடியில் காணாமல் போனார்.

“எங்க போயிட்டேன்?” என்றார் அப்பா.

“இருங்கப்பா, ஏதோ தப்பாயிடுச்சு.”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. போக வேண்டிய இடத்துக்குத்தான் போறேன்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாங்கு மாங்கென்று உழைத்தது இதற்குத்தானா? பிறகு, விளையாட்டு செய்யச் சொல்லித்தரும் வீடியோ பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. விளையாட்டில் தரையை வரைந்தால் மட்டும் போதாது. இது கெட்டித் தரை, ஆள் நின்றால் தாங்கும் என்று கணினிக்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதுபாட்டுக்கு ஆளைக் கீழே விட்டுவிடும். கணினியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? முதன்முதலாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. ஆனால் எல்லோருடைய அப்பாவும் அதைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அங்கே அவருக்குக் ‘கொக்கி’ என்று பெயர். வீடு அளவு இரும்புப் பெட்டியைத் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி லாரி மேல் வைப்பாராம். ஏற்றுவதும் இறக்குவதும் வலது கை லீவர். ஓய்வு பெற்ற பிறகும் சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்தும்போது அந்தக் கை லீவர் பிடித்த பாவனையிலேயே இருக்கும். அந்தக் கையைத்தான் பக்கவாதம் வாங்கிக்கொண்டு போனது. வாய் கோணி, பிறகு நேராகிப் பேச்சு வந்துவிட்டது. கால், தடி பிடித்து நடக்கிற அளவு வந்துவிட்டது. வலது கை மட்டும் அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி மடியில் உட்கார்ந்துகொண்டது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ அம்மாள் வந்துபோனார். பொறுமைசாலி. ஆனால் அந்தப் பொறுமையையும் அப்பா சோதித்துவிட்டார்.

“ஐயா, இந்தப் பந்தை அமுக்குங்க.”

“அமுக்கினா?”

“விரலுக்குப் பலம் வரும்.”

“வந்து?”

இதற்கு அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார்? பந்து உருண்டு நாற்காலிக்கு அடியில் போகும். அப்பா ஜன்னலைப் பார்ப்பார்.

ஒருநாள் கிளம்பும்போது அந்த அம்மாள் சின்னவளை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் பிடிச்சு அசைச்சா அது என் கை செய்யற வேலைம்மா. அவரா ஆசைப்பட்டு அசைக்கணும். கை செத்துப் போகல, உள்ள உயிர் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்ச மாசம்தான் அவகாசம். அப்பறம் விரல் மடங்கினது மடங்கினபடியே இறுகிடும். யார் வந்தாலும் பிரிக்க முடியாது.”

அன்று முதல் சின்னவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது. பொழுதுபோகாமல்தான் கணினியில் விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் பாடம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். வீடியோவில் ஒரு குரல் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும், வீட்டுப்பாடமும் உண்டு. ‘உங்கள் முதல் லெவலில் ஆட்களையும் பொருட்களையும் சேருங்கள்’ என்று அது சொன்னபோது, மற்றவர்கள் காடும் அரக்கனும் தங்கக் காசும் சேர்த்திருப்பார்கள். இவள் தன் வீட்டையே சேர்த்தாள். பிசியோ அம்மாளிடம் பேசி, உருண்டைத் தலை வைத்த குட்டி லீவரும் உள்ளங்கை அகலச் சிவப்புப் பட்டனும் பொருத்திய பலகை ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். இடது கையால் லீவரைப் பிடித்தால் ஆள் நடக்கும். வலது கையால் பட்டனை அடித்தால் ஆள் குதிக்கும்.

“என்ன இது, என் கிரேன் போட்ட குட்டியா?” என்றார் அப்பா. அவ்வளவுதான் அவருடைய உற்சாகம்.

தரையைக் கெட்டியாக்கிய பிறகு சின்னவள் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். சோபா, ஸ்டூல், செருப்பு அடுக்கும் மரத்தட்டு, ஓயாமல் உறுமுகிற ஃப்ரிட்ஜ். இவற்றைக் குதித்துத் தாண்ட வேண்டும். வழியெல்லாம் பிஸ்கட். எல்லா பிஸ்கட்டையும் தின்றுவிட்டுச் சமையலறை வாசலுக்குப் போனால் அங்கே அம்மா டீயோடு நிற்பாள், ஆட்டம் முடியும்.

பிஸ்கட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு பிஸ்கட் என்றால் உயிர். அம்மா வட்டமான தகர டப்பா ஒன்றில் பிஸ்கட் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று ஒளித்து வைப்பாள். அப்பா எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். பிறகு அந்த வீட்டில் நடக்கிற யுத்தம் தெருமுனை வரை கேட்கும். அம்மா வாய் திறந்தால் மூன்று தலைமுறைக் கணக்கு வெளியே வரும். அப்பா ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுப்பார். அந்தச் சண்டை இருந்தவரை இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாதம் வந்த அன்று டாக்டர், “அவர் மனசுக்கு எந்தச் சலனமும் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. “என்னங்க, டீ.” “என்னங்க, மெதுவா.” “சரிங்க.” கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிப் பேசியதில்லை என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தகர டப்பா இப்போது சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தது. அதன் மூடி அழுத்தமானது. ஒரு கையால் டப்பாவை இறுக்கிப் பிடித்து மறு கையால் நெம்பினால்தான் திறக்கும். ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சின்னவள் அடுத்ததாக நாயைச் சேர்த்தாள். எதிர்வீட்டு நாய்; அப்பாவைக் கண்டாலே அதற்கு ஆகாது. நாயைச் செய்வதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்பா பக்கத்தில் வந்தால் நாய் பார்க்க வேண்டும், பார்த்தால் துரத்த வேண்டும், தொட்டால் குரைக்க வேண்டும், குரைத்தால் விளையாட்டில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த மூன்று உயிரில் ஒன்று குறைய வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் இதற்கே போயிற்று. “ஏம்மா, பல்லு வலிக்குதும்மா” என்று ஒருவர் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சியபோதுகூட இவள், “இருங்க சார், நாய் இன்னும் கடிக்க மாட்டேங்குது” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் மிச்சம் இருந்தது அம்மா. அம்மா சும்மா நிற்கப்போகிறாள், அவ்வளவுதானே? புதிதாக ஓர் ஆளை முதலிலிருந்து செய்ய அவளுக்குத் தெம்பில்லை. நாயை ஒரு பிரதி எடுத்தாள், நாயின் படத்தை எடுத்துவிட்டு அம்மாவின் படத்தைப் போட்டாள், சமையலறை வாசலில் நிறுத்தினாள். படத்தைத்தான் மாற்றினாளே தவிர, உள்ளே இருக்கிற குணத்தை மாற்ற மறந்துவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள் மகராசி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பலகையை அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா இடது கையால் லீவரைப் பிடித்தார். வலது கை மடியில். குட்டி அப்பா நடந்தார். ஒரு பிஸ்கட்டைத் தின்றார். ‘கறுக்’ என்று சத்தம் வந்தது. சோபா வந்ததும் நிஜ அப்பா லீவரை விட்டுவிட்டு, அதே இடது கையைக் கொண்டுபோய்ப் பட்டனை அழுத்தினார். மறுபடி லீவர், மறுபடி பட்டன். சின்னவளுக்கு நெஞ்சு உடைந்தது. நாய் வந்து ஓர் உயிரைப் பிடுங்கியது. அப்பா அதற்கும் அசையவில்லை.

பிறகு குட்டி அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற அம்மா அவரைப் பார்த்தாள். அடுத்த நொடி அம்மா பாய்ந்தாள்.

“ஏய், ஏய், என்ன இது?” என்றார் அப்பா. குட்டி அப்பா திரும்பி ஓடினார். அம்மா விடுவாளா? சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், கூடம் முழுக்கத் துரத்தினாள். ஸ்டூல் முன்னால் வந்தது. அப்பா தடுமாறினார். அம்மா வந்து தொட்டாள்.

“வவ்! வவ்வவ்!” என்றாள் அம்மா.

அப்பாவின் வாய் திறந்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நாற்காலியே குலுங்கிற்று. கண்ணில் தண்ணீர் வழிய, இருமிக்கொண்டே, “வரா, வரா, மறுபடியும் வரா!” என்று கத்தினார். கடைசி உயிர். எதிரே செருப்புத் தட்டு. பின்னால் அம்மா. லீவரை விட்டால் பிடிபட்டுவிடுவார். அப்போது அந்த வலது கை, மாதக்கணக்காக மடியை விட்டு எழுந்திருக்காத கை, எழுந்து முஷ்டியாகவே போய்ப் பட்டனில் தொப்பென்று விழுந்தது. குட்டி அப்பா குதித்தார்.

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போட்டால் கை மறுபடி மடிக்குப் போய்விடுமோ என்று பயம்.

சத்தம் கேட்டு நிஜ அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்தாள். அது குரைப்பதைக் கேட்டாள்.

“ஏண்டி, என்னை நாயாக்கிட்டியா?”

“ஐயோ அம்மா, தெரியாம நடந்துடுச்சு...”

“அச்சு அசல் நீயேதான்! குரல்கூட மாறல!” என்று அப்பா தொடையைத் தட்டினார். பழைய நாளாக இருந்தால் இதற்கு அம்மா கொடுக்கிற பதிலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். “சரிங்க. உங்களுக்குச் சிரிப்பு வந்தா அதுவே போதும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் சிரிப்பு அணைந்தது. அவர் பலகையைத் தள்ளி வைத்தார்.

சமையலறையில் அம்மா சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். “நான் அவருக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீ என்னைக் குரைக்க விடறியா? ஒழுங்கா மாத்திடு.” குரல் உடைந்தது. சின்னவள் திரையில் இருந்த அம்மாவின் குணத்தை மாற்றிவிட்டாள்.

அடுத்த ஆட்டத்தில் அம்மா வாசலில் கோப்பையோடு சாதுவாக நின்றாள். குட்டி அப்பா நடந்து போய் டீ வாங்கிக்கொண்டார். ‘வெற்றி’ என்று எழுத்து வந்தது. வலது கை மடியை விட்டு நகரவே இல்லை.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா. ஜெயிச்சுட்டீங்க.”

“இதுக்கு எதுக்கு பாப்பா ஒரு விளையாட்டு? வீட்லயும் இதேதானே நடக்குது. உக்காந்தா டீ வருது, படுத்தா போர்வை வருது. ஒரு சத்தம் இல்ல. செத்த வீட்லகூட நாலு பேர் சத்தம் போட்டு அழுவாங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. “உங்கம்மா என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அவ என்னைக் கணக்குலேர்ந்தே எடுத்துட்டா.”

சின்னவள் நிமிர்ந்தாள். வாசலில் அம்மா டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள், திரையில் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி. கோப்பையை மேஜையில் வைத்தாள். திரும்பி உள்ளே போனாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சின்னவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பின்னால் நின்றாள்.

“அந்த நாயைத் திரும்பப் போடு.”

“எந்த நாய்? அது அங்கதானே இருக்கு?”

“என்னைத்தான்டி சொல்றேன்.”

சீப்பு பாதித் தலையில் நின்றது. “டாக்டர் கூடாதுன்னாரேம்மா?”

“டாக்டர் அவரை நாலு தடவை பாத்திருக்காரு. நான் ஆயுசு பூரா பாத்துட்டிருக்கேன். போடுன்னா போடு. ஆனா குரைக்கிறதெல்லாம் நடக்காது. என் குரல்லயே பேச வை.”

அன்று சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் குரலைப் போனில் பதிவு செய்தார்கள். போனைக் கண்டதும் அம்மா நெளிந்தாள். தொண்டையைச் செருமி, “பிஸ்கட்டைத் தயவுசெய்து கீழே வைக்கவும்” என்றாள்.

“ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கும்மா. அப்பாவை நினைச்சுக்கிட்டுப் பேசு.”

அம்மா ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள். “ஏங்க! கையை எடுங்க டப்பாவிலேர்ந்து! சர்க்கரை ஏறிக் கிடக்கு, நாக்கு கேக்குதா நாக்கு? உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்டது போதாதுன்னு...” போதும் என்று சின்னவள் கையைக் காட்டினாள். அம்மா நிறுத்தினால்தானே! பந்தை அமுக்காதது, மாத்திரையைத் துப்பியது, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாம் வந்தது. “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்களா? காலை உடைச்சிடுவேன்!” என்று முடிக்கும்போது மூச்சு வாங்கியது, கண்ணும் நிறைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தடி தரையில் டக் டக்கென்று தட்டியது. “என்னடி அங்க சத்தம்?” என்று அவர் குரல் வந்தது. அப்படி அதட்டலாகக் கேட்டு எத்தனையோ நாளான குரல்.

அதன் பிறகு அந்த விளையாட்டு வளர்ந்த கதையைச் சொன்னால் வீடியோவில் பாடம் எடுக்கிறவர் தலையில் கை வைத்துக்கொள்வார். “நான் இவ்வளவு மெதுவாவா ஓடுவேன்? வேகத்தைக் கூட்டு” என்பாள் அம்மா. “அவளுக்குக் கூட்டினா எனக்கும் கூட்டணும், இது அநியாயம்” என்பார் அப்பா. அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்க வேண்டும் என்பாள். அப்பா தனக்கு ஒளிய ஓர் அலமாரி வேண்டும் என்பார். சின்னவள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பாள். பிசியோ அம்மாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பட்டனில் விழுகிற முஷ்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிவதைக் கவனித்து, ஒருநாள் பலகையைத் திருப்பி வைத்தார். இப்போது லீவர் வலது கைக்கு வந்தது.

அப்பா அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக உருண்டைத் தலைமேல் கொண்டுபோய் வைத்தார். பிடி நழுவியது, அவர் சபித்தார், மறுபடி வைத்தார். “சும்மா இருங்க, உங்கம்மா வந்துடுவா” என்று பிசியோ அம்மாளையே அதட்டினார். மகளிடம் பேசுகிற பழக்கத்தில் அப்படிச் சொன்னது அவருக்கே தெரியவில்லை. தோற்றால் ஒரு திட்டு. அந்தத் திட்டுக்காகவே வேண்டுமென்று தோற்கிறாரோ என்றுகூடச் சின்னவளுக்குச் சந்தேகம் வந்தது. எப்படியோ, கை வேலை செய்தது.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது. விளையாட்டு என்றுதான் நினைத்தாள். பார்த்தால் கணினி அணைந்து கிடந்தது.

சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். தகர டப்பா திறந்து கிடந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு. சட்டை முழுக்கப் பிஸ்கட் தூள்.

“யாரு திறந்தது? ஆவி வந்து திறந்துச்சா? நான் மாவு வாங்கக் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாதி டப்பா காலி! இவருக்கு மாத்திரை ஒரு கேடு, டாக்டர் ஒரு கேடு! வெக்கமா இல்ல? இந்த வயசுல திருடித் தின்னு...”

திட்டிக்கொண்டே மூடியை எடுத்து டப்பாவில் வைத்து அழுத்தினாள். அது எப்போதும் போல் அடம்பிடித்தது. ஒரு கையால் டப்பாவை அணைத்து, மறு கையால் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தும்போதே அவள் கை நின்றது. வாயும் நின்றது. மூடியைப் பார்த்தாள், அப்பாவின் மடியைப் பார்த்தாள். அங்கே கிடந்த வலது கையின் விரல் நுனிகளில் தகர விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா மெல்லத் திரும்பினார். “ஏன் நிறுத்திட்ட?” என்றார். “திட்டு.”

அம்மா கண்ணை முழங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “திட்டாம? விட்டுடுவேன்னு நினைச்சீங்களா? நாளைக்கே சர்க்கரை பாக்கப் போறோம், இருங்க!” என்று விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். குரல் பிசிறியது. ஆனாலும் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, டப்பாவை அலமாரி உச்சியில், பழைய பெட்டிக்குப் பின்னால், ஒளித்து வைத்தாள்.